விடை தெரிந்தவனின் கேள்வி

கிறிஸ்தவ விசுவாசத்தைக் கல்வியோடு இணைப்பது எப்படி என்ற கேள்வி நம் கிறிஸ்தவக் கல்லூரிகளின் ஆண்டுமலர்களிலும் கருத்தரங்கு அழைப்பிதழ்களிலும் ஓயாமல் கேட்கப்பட்டு வருகிறது. கேட்பவர்களிடம் விடை முன்னமேயே தயாராக இருக்கிறது. வகுப்பு ஜெபத்தோடு தொடங்க வேண்டும். விலங்கியல் ஆசிரியர் ஜீவராசிகளின் அமைப்பைக் காட்டி மாணவனைச் சிருஷ்டிகர்த்தாவிடம் கொண்டுபோய் விட வேண்டும். சரித்திர ஆசிரியர் சாம்ராஜ்யங்களின் வீழ்ச்சியில் தேவனுடைய கரத்தைக் காட்ட வேண்டும். இலக்கிய ஆசிரியருக்குச் சிரமமே இல்லை. எந்த நாடகத்திலும் பாவமும் அதன் சம்பளமும் இருக்கத்தான் செய்யும்.

எதிர்த்தரப்பின் பல்லவியும் பழசுதான். மிஷனரிக் கல்வி என்பது தூண்டில், பாடப்புத்தகம் அதில் கோத்த புழு என்கிறார்கள். இப்படிச் சொல்பவர்களில் பலர் அந்தப் புழுவைத் தின்று, தூண்டிலில் சிக்காமல், உத்தியோகம் பார்த்து ஓய்வும் பெற்றவர்கள். இந்த இரண்டு தரப்பின் சண்டையில் எனக்கு அக்கறையில்லை. மூன்றாவதாக ஒரு தரப்பு இருக்கிறது. அது சிற்றேட்டுக்காரர்களாகிய நாம். இது பாதிரிமார்களுக்கும் அவர்களுடைய எதிரிகளுக்கும் உள்ள தகராறு, இலக்கியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஒதுங்கியிருக்கிறோம். இந்த ஒதுங்கல் போலியானது. ஒரு புத்தகத்தைக் கையிலெடுத்து அதைப் பார்த்து நாம் கேள்வி கேட்கும் விதமே அந்தப் பள்ளிக்கூடத்தில் உருவானதுதான் என்பது என் வாதம்.

நான் கிறிஸ்தவனல்ல. கிறிஸ்தவக் கல்லூரி ஒன்றில் ஆங்கில இலக்கியம் படித்து பி.ஏ. பட்டம் பெற்றேன், அந்தப் பட்டத்துக்கு எந்த வேலையும் இல்லாத ஒரு வங்கியில் குமாஸ்தாவாக இருக்கிறேன். விசுவாசத்தைப் பற்றிப் பேச எனக்கு என்ன யோக்யதை என்று கேட்கலாம். விசுவாசத்தின் உள்ளடக்கம் பற்றிப் பேச எனக்கு யோக்யதையில்லை. அது வகுப்பறையில் எடுத்துக்கொண்ட உருவம் பற்றிப் பேச உண்டு. அந்த உருவத்துக்குள்தான் நானும் வார்க்கப்பட்டேன்.

அந்த உருவத்தின் பெயர் வினாவிடை.

தமிழ் அச்சின் தொடக்கத்தைப் பாருங்கள். 1554-ல் லிஸ்பனில், ரோமன் எழுத்தில் தமிழை அச்சிட்டு ஒரு புத்தகம் வந்தது: 'கார்த்தில்யா'. அந்தப் போர்ச்சுகீசியச் சொல்லுக்கு அரிச்சுவடி என்று பொருள். உள்ளே இருந்தவை ஜெபங்கள். எழுத்தும் விசுவாசமும் ஒரே அட்டைக்குள் வந்துவிட்டன. 1578-ல் ஹென்றிகே ஹென்றிகஸ் பாதிரியார் தமிழ் எழுத்திலேயே அச்சிட்ட 16 பக்கத் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்திலிருந்து வந்தது. மறுவருஷம் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்'. மார்க்கோஸ் ஜோர்ஜ் என்ற போர்ச்சுகீசியப் பாதிரியார் எழுதிய ஞானோபதேசத்தின் தமிழாக்கம் இது. குருவும் சீஷனும் பேசிக்கொள்ளும் சம்பாஷணையாக அமைந்தது. குரு கேட்கிறார். சீஷன் சொல்கிறான்.

இதில் என்ன புதுமை, குரு சீஷ சம்பாஷணை நம்மிடமும் உண்டே என்று அவசரப்பட வேண்டாம். திசையைக் கவனியுங்கள். திருவதிகை மனவாசகங் கடந்தார் செய்த 'உண்மை விளக்க'த்தில் கேட்பவன் சீஷன். அவனுக்குத் தெரியாது, ஆகவே கேட்கிறான். தெரிந்தவர் சொல்கிறார். கடோபநிஷத்திலும் கேட்பவன் சிறுவன் நசிகேதன்தான்; யமன் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறான். ஞானோபதேசம் இந்தத் திசையைத் திருப்பிப் போட்டது. இங்கே கேட்பவர் விடை தெரிந்தவர். தெரியாதவன் விடை சொல்ல வேண்டியிருக்கிறது. கேள்வி தேடலின் உருவமாக இருந்தது போய்ச் சோதனையின் உருவமாகிவிட்டது. இது சாதாரண மாற்றமில்லை. இதற்குப் பிறகு தமிழன் பள்ளிக்கூடத்தில் கேட்ட கேள்விகள் அநேகமாக எல்லாமே இந்த ஜாதிதான்.

இதைக் கிறிஸ்தவத்தின் மேல் குற்றப்பத்திரிகை என்று வாசிக்கிறவர்களுக்கு இரண்டு விஷயங்கள். சுவிசேஷங்களில் இயேசுவை மாணவனாகக் காட்டும் காட்சி லூக்காவில் ஒன்றே ஒன்று: 12 வயதில், தேவாலயத்தில் போதகர்கள் நடுவே உட்கார்ந்து, அவர்கள் பேசுவதைக் கேட்டு, அவர்களிடம் வினவுகிற பையன். கேள்வி அங்கே சிறுவனிடமிருந்து புறப்படுகிறது. இரண்டாவது, நல்ல சமாரியன் கதை. அந்தக் கதை எந்த இடத்தில் சொல்லப்படுகிறது என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். நியாயசாஸ்திரி ஒருவன் இயேசுவைச் சோதிக்க வந்து கேள்வி கேட்கிறான். அவனுக்கு விடை தெரியும், நியாயப்பிரமாணம் மனப்பாடம். விடையைச் சொல்லியும் விடுகிறான். அப்புறம் தன்னை நியாயப்படுத்திக்கொள்ள, தனக்குப் பிறன் யார் என்று இன்னொரு கேள்வி போடுகிறான். இதற்கு இலக்கணவிதி மாதிரி ஒரு வரையறை எதிர்பார்த்தான். கிடைத்தது ஒரு கதை. கதை முடிந்ததும் கேள்வி உருமாறி அவன் மேலேயே வந்து விழுகிறது: அடிபட்டுக் கிடந்தவனுக்குப் பிறனாக ஆனவன் யார்? கேட்டவன் இப்போது வெளியே நின்று பார்க்க முடியாது. வினாவிடைக்காரனுக்கு நேர்ந்த தோல்வி என்று இந்தக் கதையைப் படிக்கலாம். அப்படிப் படித்த கிறிஸ்தவக் கல்லூரி ஆண்டுமலர் எதையும் நான் பார்த்ததில்லை.

1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவிடம் இந்த இரண்டு உருவங்களும் ஒருசேர இருந்தன. தமிழ் கற்க அவர் ஒரு வாத்தியாரின் பள்ளிக்கூடத்தையே தன் வீட்டுக்கு வரவழைத்து, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் எழுதிப் பழகினார். லூத்தரின் சிறிய ஞானோபதேசத்தைத் தமிழாக்கியவரும் அவரே. 1712 முதல் தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதியனுப்பி, அவர்களுடைய பதில் கடிதங்களை ஜெர்மனில் மொழிபெயர்த்து ஹாலேக்கு அனுப்பியவரும் அவரே. ஞானோபதேசத்தில் அவர் கேட்டவை விடை தெரிந்த கேள்விகள். கடிதங்களில் கேட்டவற்றில் பல விடை தெரியாதவை. தெரியாததைக் கேட்டதனால்தான் 1713-ல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவரால் ஒரு புத்தகம் எழுத முடிந்தது. ஹாலேயிலிருந்த பெரியவர்களுக்கு இது பிடிக்கவில்லை. அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பப்பட்டவர் அஞ்ஞானத்தை ஐரோப்பாவில் பரப்புவதாவது? புத்தகம் கிடப்பில் போடப்பட்டது. 1867-ல் சென்னையில் வில்ஹெல்ம் கெர்மன் பதிப்பிக்கும்வரை 150 வருஷத்துக்கு மேல் கிடந்தது. ஞானோபதேசத்துக்கு அப்படி எந்தத் தடங்கலும் இல்லை. ஸ்தாபனம் எந்தக் கேள்வியைத் தேர்ந்தெடுக்கும் என்பதற்கு இதைவிட ஸ்தூலமான சாட்சி வேண்டியதில்லை.

ஸ்தாபனத்தின் எதிரிகளும் அதையே தேர்ந்தெடுத்தார்கள். யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் பாதிரியாரிடம் படித்து, அவருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்ற ஆறுமுக நாவலர், வெளியே வந்து மிஷனரிகளை எதிர்த்தபோது அவர்களுடைய ஆயுதங்களையே எடுத்துக்கொண்டார். 1847-ன் கடைசி நாளில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தொடங்கிய வெள்ளிக்கிழமைப் பிரசங்கம், 1848-ல் சைவப்பிரகாச வித்தியாசாலை, அடுத்து அச்சுக்கூடம், படிநிலைப்படுத்திய பாலபாடங்கள். பாலபாடங்களுக்காகத் தமிழ் உரைநடை அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறது. ஆனால் 'சைவ வினாவிடை'யையும் எழுதினார். 'உண்மை விளக்க'த்தின் சீஷனைக் கைவிட்டு ஞானோபதேசத்தின் குருவைச் சைவராக்கிக்கொண்டார். உள்ளடக்கத்தில் அவர் ஜெயித்தார் என்றே வைத்துக்கொள்வோம். உருவத்தில் ஜெயித்தது கொச்சியில் அச்சான அந்தப் புத்தகம்தான்.

நம் இடதுசாரி நண்பர்கள் சிரிக்க வேண்டாம். 1847-ல் எங்கெல்ஸ் 'கம்யூனிசத்தின் கோட்பாடுகள்' என்று 25 கேள்விகளும் விடைகளுமாக ஒன்றை எழுதினார். அதே வருஷம் நவம்பரில் மார்க்சுக்கு எழுதிய கடிதத்தில், இந்த ஞானோபதேச வடிவத்தைக் கைவிட்டுவிடலாம், சரித்திரம் சொல்ல வேண்டியிருப்பதால் இது பொருந்தாது என்று யோசனை சொன்னார். 1848-ல் வந்த அறிக்கை வேறு வடிவத்தில் வந்தது. எங்கெல்ஸ் கழற்றிப்போட்ட சட்டையைத்தான் நம்முடைய விமர்சகத் தோழர்கள் இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி இலக்கிய வகுப்பு. 1862-ல் சென்னைக்கு வந்து சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியை உருவாக்கிய வில்லியம் மில்லர் சின்ன மனிதரல்ல. மாணவர்களை உடனடியாக ஞானஸ்நானத்துக்கு இழுப்பது கல்லூரியின் வேலையல்ல, கிறிஸ்தவச் சிந்தனை சமூகத்தில் மெல்லப் பரவினால் போதும் என்று வாதாடி மிஷன் வட்டாரங்களின் ஏச்சை வாங்கிக்கொண்டவர். அவர் உயிரோடிருந்தபோதே மாணவர்கள் சிலை வைத்தார்கள். அப்படிப்பட்டவர் 1900-த்தை ஒட்டி ஷேக்ஸ்பியர் பற்றி வெளியிட்ட புத்தகங்களின் தலைப்புகளைத் தமிழில் தருகிறேன்: 'லியர் அரசனும் இந்திய அரசியலும்', 'மெக்பெத்தும் ஆன்மாக்களின் நாசமும்', 'ஹாம்லெட்டும் வாழ்வின் விரயமும்', 'ஒத்தெல்லோவும் குணத்தின் தகர்வும்'. 'உம்'முக்கு இந்தப் பக்கம் நாடகம், அந்தப் பக்கம் விடை. மில்லருக்கு நாடகத்தின் மேல் இருந்த நேசத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் தலைப்பிலேயே பரீட்சை முடிந்துவிடுகிறது. மெக்பெத் வந்து ஒப்பிக்க வேண்டியதுதான் பாக்கி. இந்த 'உம்' எவ்வளவு ஆயுசு கெட்டி என்பதைத் தெரிந்துகொள்ள நம் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளின் ஆய்வேட்டுப் பட்டியலைப் பார்த்தால் போதும். கம்பனும் அறமும், பாரதியும் தேசியமும், புதுமைப்பித்தனும் சமுதாயமும். கடவுள் போய்விட்டார். 'உம்' இருக்கிறது.

நான் படித்த கல்லூரியில் வாரத்தில் ஒரு மணிநேரம் வகுப்பு இரண்டாகப் பிரியும். கிறிஸ்தவ மாணவர்கள் வேதபாடத்துக்கு. மற்றவர்கள் நன்னெறி வகுப்புக்கு. எங்களுக்கு நேர்மையின் பயன்கள் எண் போட்டுச் சொல்லப்பட்டன. பரீட்சையில் அதே எண்வரிசையில் எழுதினோம். அடுத்த அறையில் என்ன நடந்தது என்று நண்பர்களிடம் கேட்டேன். அங்கேயும் எண்கள்தான். விசுவாசம் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் சுவர் வைத்துப் பிரித்திருந்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே காரியம் நடந்தது. பகல் முழுக்க நான் கேட்ட வகுப்புகளில் விசுவாசத்தைத் தொட்டுக்கொண்டு நின்ற ஒன்று உண்டு என்றால், அது கவிதை வகுப்பில் எங்கள் பேராசிரியர் ஒரு வரியைப் படித்துவிட்டு, தனக்கு இது இன்னும் பிடிபடவில்லை என்று சொல்லி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்த இரண்டு நிமிஷம். அது பாடத்திட்டத்தில் இல்லை.

பாவ்லோ ஃப்ரேரே இந்தக் கல்விக்கு வங்கிமுறைக் கல்வி என்று பெயர் வைத்தார். ஆசிரியர் டெபாசிட் செய்கிறார், மாணவன் கணக்கு. பிரேசில் கத்தோலிக்கரான ஃப்ரேரே 1964-ல் சிறைப்பட்டு நாட்டைவிட்டுப் போனவர். 1970-லிருந்து 10 வருஷம் ஜெனீவாவில் உலகத் திருச்சபைகள் மன்றத்தில் வேலை பார்த்தவர். அவருடைய உருவகத்தை மேற்கோள் காட்டாத கல்விக் கருத்தரங்கு கிடையாது. காட்டுகிறவர்கள் வங்கிக்கு வந்து வரிசையில் நின்றவர்களாகத் தெரியவில்லை. கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற நான் ஒன்று சொல்கிறேன். டெபாசிட் செய்த பணம் வங்கிக்குச் சொந்தமல்ல. போட்டவனுக்குச் சொந்தம். கேட்ட நாளில் அப்படியே எண்ணிக் கொடுக்க வேண்டும். இதுதான் அந்த உருவகத்தின் குரூரம். மாணவன் தலையில் விடை இருக்கிறது, ஆனால் அது அவனுடையதல்ல. பரீட்சை நாளில் போட்டவரே வந்து எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். கணக்கில் மிச்சம் பூஜ்யம். சரியான விடையைத் தேர்ந்தெடு என்கிற இன்றைய நுழைவுத் தேர்வுகளில் எடுப்பதும் எண்ணுவதும் இயந்திரம். கொச்சியில் குருவுக்கு முகமாவது இருந்தது.

அப்படியானால் இணைப்பு இல்லையா? இருக்கிறது. அதைக் கண்டவர்கள் ஸ்தாபனத்தின் ஓரத்தில் நின்றவர்கள்.

அகஸ்தீன், 389-ல், தன் மகன் அதெயோதாத்துஸோடு நடத்திய சம்பாஷணையை 'ஆசிரியர்' என்ற நூலாக எழுதினார். கேள்வி கேட்பது பெரும்பாலும் தகப்பன்தான். ஆனால் அந்தக் கேள்விகள் போய்ச் சேருகிற முடிவு ஆசிரியத் தொழிலின் அஸ்திவாரத்தையே ஆட்டுகிறது. வார்த்தைகள் வெறும் குறிகள். அவற்றால் எந்த மனிதனும் இன்னொருவனுக்கு எதையும் கற்பித்துவிட முடியாது. கேட்டவன் தனக்குள் திரும்பி, சொல்லப்பட்டது உண்மைதானா என்று பார்க்கிறான். அந்த உள்ளே இருக்கும் ஆசிரியர் கிறிஸ்து என்பது அகஸ்தீனின் விசுவாசம். எனக்கு அந்தப் பெயரைச் சொல்ல வராது. ஆனால் இந்த விசுவாசத்தின் விளைவைக் கவனியுங்கள். ஆசிரியர் நாற்காலி காலியாகிறது. மகனிடம் தகப்பனே அதிகாரத்தை விட்டுக்கொடுக்கிறான்.

சிமோன் வெய்ல் பிரெஞ்சுப் பள்ளிகளில் தத்துவ ஆசிரியை. கிறிஸ்துவை நேசித்தும் ஞானஸ்நானம் வாங்காமல் வாசலிலேயே நின்றவர். 1942-ல் பள்ளிப்படிப்புக்கும் கடவுள் அன்புக்கும் உள்ள உறவு பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஜியோமிதிக் கணக்கிலிருந்து கடவுளுக்குப் போகிற நீதிபோதனை எதுவும் அதில் இல்லை. கணக்கோடு கணக்காக, விடைக்குப் பாயாமல், மனத்தைக் காலியாக வைத்துக் காத்திருக்கிற கவனத்தைப் பற்றியது அது. கணக்கு வராமலே போனாலும் அந்தக் கவனம் வீண்போவதில்லை. ஜெபமும் அதே கவனம்தான் என்கிறார். துன்பப்படுகிறவன் பக்கம் திரும்பி, உனக்கு என்ன நேர்கிறது என்று கேட்கத் தேவையானதும் அதே கவனம்தான். இங்கே விசுவாசம் பாடத்தின் மேல் பூசப்படவில்லை. பாடத்தைப் பாடமாகவே பார்க்கிற நேர்மைக்குள் இருக்கிறது. நியாயசாஸ்திரியின் கேள்வி திரும்பி வந்து விழுந்த இடமும் இதுதான்.

மூன்றாமவர் லொரென்ஸோ மிலானி. ஃப்ளாரன்ஸுக்குப் பக்கத்தில் கலென்ஸானோவில் உதவிப் பாதிரியாராக இருந்தபோது இளம் தொழிலாளிகளுக்கு இரவுப்பள்ளி நடத்தினார். வகுப்பறைச் சுவரிலிருந்து சிலுவையைக் கழற்றினார். கம்யூனிஸ்டுகளின் பிள்ளைகளும் தயக்கமில்லாமல் வந்து உட்கார வேண்டும் என்பதற்காக. 1954-ல் பார்பியானா என்ற மலைக் குக்கிராமத்துக்கு மாற்றப்பட்டார். தண்டனை மாதிரிதான். அங்கே பள்ளிகளால் தள்ளப்பட்ட குடியானவப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பள்ளி நடத்தினார். 1967-ல் அந்தப் பையன்கள் எட்டுப்பேர் சேர்ந்து, தங்களைப் பெயிலாக்கிய ஆசிரியையை விளித்து எழுதிய கடிதம் புத்தகமாக வந்தது. பரீட்சைக்கு விடை எழுத முடியாதவர்கள் பரீட்சையையே கேள்வி கேட்டார்கள். திசை மறுபடி திரும்பியது. சிலுவையைக் கழற்றிய கைதான் கிறிஸ்தவ விசுவாசத்தைக் கல்வியோடு இணைத்தது என்று நான் சொன்னால் நம் கல்லூரி நிர்வாகிகள் என்னைப் பரிகாசக்காரன் என்பார்கள். மிலானி கடைசிவரை பாதிரியாராகவே இருந்தார் என்பதை அவர்களுக்கு ஞாபகப்படுத்துகிறேன்.

விடையே இல்லாமல் விசுவாசம் ஏது, நீ சொல்வது வெறும் சந்தேகவாதம் என்று ஒரு ஆட்சேபம் வரும். விடைகள் சரியாகவே இருக்கட்டும். 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் திருச்சபைக்குள் சாதி வேறுபாடு அறவே கூடாது என்று எழுதியபோது தஞ்சைச் சபையில் பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. எதிர்த்தவர்களும் ஞானோபதேசம் படித்து வந்தவர்கள்தான். கர்த்தரின் பந்தியில் யாருக்குப் பக்கத்தில் யார் உட்காருவது என்ற கேள்வி வந்ததும் அந்த விடைகளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதே சமயம் தரங்கம்பாடியில் 1707-லேயே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்ததும், திண்ணையில் ஏறமுடியாதவனுக்குப் பின்னால் பெஞ்சு போட்டுக் கொடுத்ததும் மிஷன்கள்தாம். தூண்டில் என்று பேசுகிறவர்கள் இந்தப் பெஞ்சுக்கு விலை சொல்லட்டும் பார்க்கலாம். பெஞ்சு போட்டது விசுவாசம். அதில் உட்கார்ந்தவன் வாயைத் திறக்கும் முன் விடையைத் திணித்தது ஸ்தாபனம். இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் புகழ்ச்சியும் வசையும் நடக்கின்றன.

நம் பக்கம் வருகிறேன். நமது விமர்சனம் கேட்கிற கேள்விகளை ஒரு தடவை வரிசையாக எழுதிப் பாருங்கள். இந்தக் கதையில் வர்க்கப் பார்வை உண்டா? இந்தக் கவிதையில் படிமம் உண்டா? இந்த நாவல் நவீனமா? மையம் தகர்ந்திருக்கிறதா? ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு ஞானோபதேசம். கதையையும் கவிதையையும் பெஞ்சின் மேல் ஏற்றிவைத்து ஒப்பிக்கச் சொல்கிறோம். ஒப்பித்தால் பாஸ். எங்கள் வங்கியில் காசோலை வந்தால் கையெழுத்தை மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். பொருந்தினால் பணம், பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பு. வங்கிக்கு அது அவசியம். ஆனால் நல்ல கவிதை என்பது நம் கோப்பில் மாதிரி இல்லாத கையெழுத்து. அதைத் திருப்பியனுப்பிவிட்டு, கோப்பிலுள்ள கையெழுத்தைப் பார்த்துப் போட்டவனுக்கு மாதாமாதம் பணம் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். இதைச் சிற்றேட்டு இயக்கம் என்றும் சொல்லிக்கொள்கிறோம்.

கிறிஸ்தவக் கல்லூரிகள் தங்கள் சுவர்களில் எதை மாட்டுவது, எதைக் கழற்றுவது என்று அவை தீர்மானித்துக்கொள்ளட்டும். நம் சுவரில் மாட்டியிருப்பவற்றைக் கழற்றுகிற வேலை நம்முடையது. அடுத்த இதழில் இதற்கு மறுப்பு எழுதப்போகிறவர்கள் இருக்கிறார்கள், யார் யார் என்றும் எனக்குத் தெரியும். அவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். எழுதுகிற மறுப்பில், விடை உங்களுக்கே தெரியாத ஒரு கேள்வியாவது இருக்கட்டும்.